அரையும் காலும் ஆறில் இரண்டு

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யை வாயைத் திறக்காமலே சொன்னேன். தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். வாய் திறந்து பேசும் தைரியம் இருந்திருந்தால் உண்மையையே சொல்லித் தொலைத்திருப்பேன்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கல்யாண வீடுகளில் தளிகை பண்ணுகிற வேலை (எங்கள் வீட்டில் சமையல் என்று சொல்லமாட்டோம்). ஐந்நூறு பேர் பந்திக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மூச்சு விடாமல் வாயாலேயே சொல்லிவிடுவார். ஆனால் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். காகிதத்தில் எழுதியது எதுவானாலும் அவருக்கு மரியாதை.

அம்மா இல்லாத வீடு. அத்தை வைத்ததுதான் சட்டம். பன்னிரண்டு வயசுப் பெண் தெருவில் தனியாக நடப்பதா என்று தினம் ஒரு தடவையாவது கேட்பாள். கடைசியில் அப்பா ஒரு சமாதானத்துக்கு வந்தார். நான் படிக்கலாம், ஆனால் ஒரு பரீட்சையில் தவறினாலும் அன்றோடு வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும்.

தவறுவதற்கு எல்லா ஏற்பாடும் என்னிடம் தயாராக இருந்தது. பின்னக் கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. ஒரு எண், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இன்னொரு எண். எது யாரோடு சேரும் என்று அப்போது பிடிபடவே இல்லை.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். ஆறாவது ஏழாவதில் கணக்கு வராத பெண்களைப் பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது. சீதம்மா மிஸ் எட்டுப் பெயர் வாசித்தார். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது, பக்கத்து வீட்டுச் சாந்தா.

முதல் நாள் நேரம் கழித்து வீட்டுக்குப் போனபோது அத்தை வாசலிலேயே நின்றாள். எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்று கேட்டாள். "சாயங்காலம் கணக்கு கிளாஸ். எட்டுப் பேருக்கு..." என்றேன். முழுதும் சொல்லி முடிப்பதற்குள், உள்ளே இருந்த அப்பா முகமெல்லாம் மலர வெளியே வந்தார்.

"எட்டுப் பேருக்கு நீயா சொல்லித்தரே?"

அத்தையைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன்.

பிறகு மூன்று மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா எந்தக் கல்யாணத்துக்குக் கரண்டி பிடித்தாலும், பந்தி முடிவதற்குள் என் பெருமை மாப்பிள்ளை வீட்டார் வரை போய்விடும். வாசலில் யாராவது அப்பாவைக் கூப்பிட்டால், மிஸ்தான் வந்துவிட்டார் என்று கொல்லைப்பக்கம் ஓடுவேன். சாந்தாவின் வாயை அடைப்பதற்காக என் மத்தியானத் தோசை அவளுக்கே போயிற்று. அந்த வருஷம் அவள் நன்றாகச் சதை போட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம், மிஸ் போர்டில் அரையும் காலும் கூட்டச் சொல்லி ஒரு கணக்கை எழுதிவிட்டு, பெரிய டீச்சர் கூப்பிட்டார் என்று போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்தின் நடுவில் ஒரு குடுமி. கையில் பித்தளைத் தூக்கு. அப்பா நேராக எங்கள் அறையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் இன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுந்தால்? யோசிப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன. போர்டுக்குப் போய்ச் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். ஏழு பெண்களும் வாயைப் பிளந்தார்கள். சாந்தாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "ஹேளி மிஸ்" என்றாள், சொல்லுங்கள் மிஸ் என்று, படுபவ்யமாக.

சொன்னேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் நாலும் ஆறு. ஆறில் இரண்டு. போர்டில் பெரிதாக எழுதினேன். என் குரலை அந்த அறை கேட்டது அன்றுதான் முதல் தடவை. பாவம், எல்லாரும் சிலேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பினால் அப்பா நிலைப்படியில். கண்ணில் தண்ணீர். அவர் அப்படியே திரும்பிப் போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் பெருமை யாரைச் சும்மா விட்டது?

"என்னம்மா அது, எனக்கும் சொல்லேன்."

"அரையும் காலும் கூட்டினா ஆறில் ரெண்டு, அப்பா."

அப்பா யோசித்தார். அவர் விரல்கள் காற்றில் எதையோ அளந்தன. "ஆறு பங்கு போட்டு ரெண்டு எடுத்தா, மூணுல ஒண்ணுதானே. அரைச் சேர் அரிசியிலே கால் சேர் அரிசி சேர்த்தா அரைக்கும் குறைஞ்சா போயிடும்? போட்ட அரிசி எங்கேம்மா போச்சு?"

கிண்டலே இல்லை. பள்ளிக்கூடத்தில் அரிசிக்கு வேறு நியாயம் இருக்கும்போல என்று நினைத்து, நிஜமாகவே கேட்டார். தினம் வீட்டில் அரையும் காலும் முக்கால் என்று அளந்து கொடுக்கிறவள் நான்தான். நடுவில் கோடு வந்ததும் அது வேறு ஜாதி என்று நினைத்துவிட்டேன். அப்பா கேட்டதைச் சாந்தா கன்னடத்தில் மற்றவர்களுக்கு விளக்க, அறையே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்தான் மிஸ் உள்ளே வந்தார்.

அப்பா கைகூப்பினார். தன் பெண்ணிடம் படிக்கிற குழந்தைகளுக்கு லட்டு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். மிஸ் போர்டைப் பார்த்தார், லட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உங்கள் பெண் இங்கே சொல்லிக்கொடுக்க வரவில்லை, கற்றுக்கொள்ள வருகிறாள் என்று மிஸ் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு இடி மாதிரிக் கேட்டது.

அப்பா ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று. அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பும்போது அவர் முன்னால், நான் பின்னால். இதுதான் நான் கடைசியாக நடக்கும் பள்ளிக்கூடத்துத் தெரு என்று ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் சந்து முனையில் அப்பா நின்றார்.

"அத்தைகிட்ட மூச்சு விடாதே."

தலையை ஆட்டினேன்.

"பதினோரு கல்யாண வீட்டிலே சொல்லி வெச்சிருக்கேன். இப்போ உன்னை நிறுத்தினா நான் எந்த மூஞ்சியோட கரண்டி பிடிக்கறது? நீ நிஜமாவே யாருக்காவது சொல்லித்தர வரைக்கும் போயிண்டிரு."

அப்படித்தான் பிழைத்தேன். என் படிப்பைக் காப்பாற்றியது என் மூளை அல்ல, அப்பாவின் வாய்.

மறு வருஷம் ஏழாவதில், எனக்குப் பின்னம் ஒருவழியாகப் பிடிபட்டதும் மிஸ் சாந்தாவை என்னிடம் ஒப்படைத்தார். நான் சொல்லிக்கொடுத்த ஒரே மாணவி அவள். நான் தேறினேன், அவள் கணக்கில் தவறினாள். அப்பா சொன்னபடி நிஜமாகவே ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று அல்லவா, என் படிப்பும் அதோடு முடிந்தது. என் பெண்ணின் கல்யாணத்தில் சம்பந்தியம்மாளிடம் சாந்தா தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதம் இது: "இவளாலதான் நான் பெயிலானேன்."

அப்பா கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்னும் ஓய்வில்லை. யார் சொல்கிற கணக்கு உதைத்தாலும் அதுதான் வரும். ஆபீசில் வேலை அதிகம், அதனால்தான் நேரமாகிவிட்டது என்று மகன் சொன்னால், மருமகள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "போட்ட அரிசி எங்கே போச்சு?" என்பாள். கன்னட வீட்டுப் பெண். எங்கள் தமிழில் அவள் பிழையில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அதுதான்.