மாப்பிள்ளை படம் பார்க்கிறாரா என்று படம் பார்த்த விவரம்

தென்காசி,
வெகுதானிய வருஷம் ஆனி மாதம் 15ந் தேதி, புதன்கிழமை.

ராயகிரி தில்லைநாயகம் அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ரெங்கம்மாளைக் கைப்பிடித்தவனும், ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டருமான குற்றாலிங்கம் அனேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ரெங்கம்மாளும், சீசன் குளிப்புக்கு வந்திருக்கும் தங்கள் சம்சாரம் தங்கத்தாயும், மகள் ஆவுடைத்தாயும் அருவியில் தலை கொடுத்த புண்ணியத்தில் ஒரு தும்மல்கூட இல்லாமல் சுகம். அவ்விடம் தாங்களும், ஈன்ற பசுவும், கன்றும் சுகமென்று நம்புகிறேன்.

தாங்கள் போன வாரம் எனக்கு இட்ட உத்தரவு ஒன்றே ஒன்று. ஆவுடைத்தாய்க்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை இசக்கிப்பாண்டி தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார், பார்க்கவும் லட்சணம், எல்லாம் சரி. ஆனால் டாக்கீஸ் பக்கம் போகிற பழக்கம் அவனுக்கோ அவன் வீட்டாருக்கோ உண்டா என்று ரகசியமாக விசாரித்து எழுத வேண்டும், உண்டென்றால் வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம் கிடையாது, ஆடி பிறந்தால் ஒன்றும் பேச முடியாது, ஆகையால் சுருக்காக எழுதும் என்று எழுதியிருந்தீர்கள். வேறொருவனாக இருந்தால் கடைத்தெருவில் நாலு பேரிடம் கேட்டுவிட்டு எழுதியிருப்பான். நான் கைகாட்டி இறங்கியதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வண்டியைக்கூட உள்ளே விட்டவன் இல்லை. ஆகவே குற்றாலம் ரோட்டில் கொட்டகை போட்டிருக்கும் டூரிங் டாக்கீஸுக்கு நானே போய், பெஞ்சு டிக்கெட் வாங்கி, ஆறு நாள் மாலை ஆட்டத்தில் உட்கார்ந்து கண்காணித்தேன். வீட்டில், பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். மொத்தம் மூன்று படம், படத்துக்கு இரண்டு நாள். பார்த்ததையே ஏன் ஐயா மறுபடி பார்த்தீர் என்று கேட்பீர்கள். முதல் நாள் வராத பையன் மறுநாள் வரலாமில்லையா?

முதல் படம் புராணம். அதில் ராஜகுமாரனைப் பாம்பு கடித்துவிடுகிறது. பெற்ற தாய் என்ன செய்ய வேண்டும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓட வேண்டும். இவள் உட்கார்ந்து பாடுகிறாள். பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது, பிள்ளைக்கு விஷம் கழுத்துக்கு ஏறிவிட்டது, இவள் சரணத்துக்குப் போகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பக்கத்தில் புளியறைக்காரர் ஒருவர், என் வயசுதான் இருக்கும், "பொறுங்க அண்ணாச்சி, பாட்டு முடியவும் வைத்தியரு வருவாரு" என்றார். வைத்தியரும் வந்தார். வந்து அவரும் பாடினார். அப்புறம் சாட்சாத் பரமேசுவரன் ரிஷபத்தோடு தோன்றினார். தரை டிக்கெட்டில் சூடம் கொளுத்திவிட்டார்கள். ஒருவன் தேங்காய் உடைத்தான். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு அந்த ரீல் முடிந்து, விளக்கு எரிந்து, அடுத்த ரீல் மாட்டி ஓட்டினால், வந்தது பரமேசுவரன் இல்லையாம், மாறுவேஷத்தில் வந்த அரக்கனாம்! ராணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கும்பிட்ட கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது, அத்தான்? மறுநாள் விவரம் தெரிந்து நான் எழுந்திருக்கவில்லை. தேங்காய் உடைத்தவன் மறுநாளும் வந்து உடைத்தான், அது வேறு விஷயம்.

இரண்டாவது சண்டைப் படம். அதில் ஒரு ரயில் வருகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஆனால் வண்டியை நடத்துகிற லட்சணம் இருக்கிறதே! கைகாட்டி இறங்கவில்லை, கார்டு கொடி அசைக்கவில்லை, வண்டி பாட்டுக்குப் புறப்பட்டுப் போகிறது. அதன் கூரைமேல் கதாநாயகன் ஓடுகிறான். அங்கிருந்து குதித்தால் நேரே ஒரு குதிரைமேல் விழுகிறான். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். நான் எழுந்து, "ஏலே, டிக்கெட் எடுக்காம கூரையில ஏறினவனுக்கா கை தட்டுதிய?" என்று சத்தம் போட்டேன். புளியறைக்காரர் என் துண்டைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க அண்ணாச்சி. அந்தக் குதிர அங்கன எதுக்கு நின்னுச்சுன்னு நான் ஒரு வார்த்த கேட்டனா?" என்றார். விவேகமான மனுஷர். அன்று சாரல் வேறே கொட்டகைக் கீற்று வழியாகப் பொழிந்தது. என் குடையை விரித்து அவருக்கும் சேர்த்துப் பிடித்தேன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே குடை, ஒரே வெற்றிலைப்பெட்டி.

மூன்றாவது சமூகப் படம். ஊரில் உள்ளவனையெல்லாம் கேட்டு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறான் ஒரு தகப்பன், மகளை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை கிணற்றங்கரையில் நின்று ஒரு பார்வை பார்க்கிறது. பாட்டுக்கூட இல்லை, சும்மா பார்க்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சாரல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ஆறு நாளில் பார்த்ததில் இதுதான் படம், சந்தேகமே வேண்டாம். நேற்று இதை இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வினை வந்து சேர்ந்தது.

ரீல் மாட்ட விளக்கைப் போட்டார்கள். புளியறைக்காரர் என் காதருகில் வந்து, "ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன அண்ணாச்சி, நான் படம் பாக்க வந்தவன் இல்ல. எங்க அக்கா மகன் இசக்கிப்பாண்டிக்கு ராயகிரியில பொண்ணு பேசியிருக்கு. சினிமாப் பாக்குத வீட்டுல பொண்ணெடுக்கக் கூடாதுன்னு கீழப்பாவூர்ல எங்க அத்தான், பையனோட தகப்பனாரு, ஒத்தக்கால்ல நிக்காரு. பொண்ணு வீட்டாளுக யாராச்சும் கொட்டகைக்கு வாராகளான்னு பாக்கச் சொல்லி என்னைய அனுப்பினாக. ஆறு நாளாப் பாக்கென், ஒருத்தர் வரல. பொண்ணுக்கு மாமா ஒருத்தர் இங்கனதான் இருக்காராம். இந்தப் பக்கமே தல வச்சுப் படுக்காத மனுசராம்!" என்றார்.

வெற்றிலைச் சாற்றை அப்படியே விழுங்கிவிட்டேன். ஆறு நாளாக அவர் பேரை நான் கேட்கவில்லை, என் பேரை அவர் கேட்கவில்லை. கதாநாயகி பேரை மட்டும் இரண்டு பேரும் தெரிந்து வைத்திருந்தோம். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், தப்பித்தும் இருப்பேன். அந்நேரம் பார்த்து டிக்கெட் கிழிக்கிற மசூது சுவரோரத்தில் நின்றுகொண்டு, "ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா! ரயில்வே குற்றாலிங்கம் ஐயா! குடைய மடக்குங்க. பொம்பளையாளுகளுக்குப் படம் மறைக்குதாம், சத்தம் போடுதாக!" என்று கொட்டகை அதிரக் கூப்பிட்டான்.

புளியறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது?" என்றார்.

"நான்தான். நீரு மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா? அப்பம் மாப்பிள்ள வீட்டுலயும் படம் பாக்குதிய."

"நான் வேலையால்லா வந்தேன்!"

"நானும் வேலையாத்தான் வந்தேன்."

"வேலையா வந்தவரு ரெண்டாம் நாளும் அதே பாட்டுக்கு எதுக்குவே தொடையில தாளம் போட்டீரு?"

அவர் பேர் சுடலைக்கண்ணு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். "நீரும் எழுதாதேயும், நானும் எழுதல, பிள்ளைக நல்லாருக்கட்டும்" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மனுஷர் கண் கலங்கிவிட்டார். "கீழப்பாவூர் நரசிம்மர் சன்னதியில, உள்ளத உள்ளபடி சொல்லுதேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. மத்த சாமின்னாப் பரவால்ல" என்றார். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். படத்தில் கல்யாணம் நின்றுபோகிற கட்டம். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதோம். படத்துக்காக அழுகிறோம் என்று நினைத்து, முன்னால் இருந்தவன் திரும்பி எங்களுக்குச் சமாதானம் சொன்னான்.

ஆக, அத்தான், விஷயம் இதுதான். பையன் ஒருநாள்கூட வரவில்லை. சொக்கத் தங்கம். ஆனால் அவன் தாய்மாமன் ஆறு நாளும் வந்தார். தங்கள் உத்தரவுப்படி நாம் பெண் கொடுக்கக் கூடாது. நானும் ஆறு நாளும் போனேன். அவர்கள் வழக்கப்படி அவர்கள் பெண் எடுக்கக் கூடாது. சுடலைக்கண்ணு இன்று கீழப்பாவூருக்குப் போய்ச் சொல்லியிருப்பார். ஆவுடைத்தாய் சின்னதில் என் பச்சைக்கொடியைப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடின பிள்ளை. அவள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன். காலையில் அவள் காப்பி கொண்டுவந்து வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குத் தாங்கள் புறப்பட வேண்டாம். என்னைத் திட்டி எழுதுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் பிள்ளையை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். வயலுக்கு மழையும், வீட்டுக்கு மங்களமும் அந்தக் குற்றாலநாதர் குறைவின்றித் தர வேண்டும்.

இப்படிக்குத் தலைகுனிந்து,
குற்றாலிங்கம்.

பி.கு.: வழக்கம்போல உறையில் போடுமுன் வீட்டில் எல்லாரும் கேட்க இதை வாசித்தேன். பாதியில் ரெங்கம்மாள் சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கோயிலுக்குப் போகிறோம் என்று மூன்று பேரும் சாயந்தரந்தோறும் போனது அதே கொட்டகைக்குத்தானாம்! விளக்கைப் போடும்போதெல்லாம் பெண்கள் பக்கத்துச் சுவருக்குக் கீழே குனிந்துகொள்வார்களாம். பக்கத்தில் ஒரு அம்மாளும் கூடவே குனிவாராம். "எந்த மூதி குடைய விரிச்சு வச்சிருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்க, "ஒண்ணு எங்க வீட்டு மூதி" என்று தங்கள் தங்கை சொல்ல, "இன்னொண்ணு என் தம்பி" என்று அவர் சொல்ல, அப்படித்தான் பேச்சு ஆரம்பித்ததாம். மகனுக்குச் சமைத்துப்போடத் தென்காசியில் வந்து தங்கியிருக்கும் அந்த அம்மாள்தான் மாப்பிள்ளையின் தாயார். நாலாம் நாளே ஆவுடைத்தாய் தலையில் பூ வைத்துவிட்டார். "கீழப்பாவூர்ல எங்க வீட்டு ஆளை நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் சொல்ல, "எங்க வீட்டு ஆளை நான் பாத்துக்கிடுதேன்" என்று தங்கத்தாயும் சொல்லியிருக்கிறாள், அது தங்களைத்தான். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும், வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கே வந்து சேரவும். கிணற்றங்கரைப் பிள்ளையின் ஞாபகத்தில், ஆவுடைத்தாயைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா, மறைக்காமல் சொல் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் பிடிச்சிருக்கு மாமா. அவுக படமே பாக்க மாட்டாகளாம்லா, அது ஒண்ணுதான் எனக்கு யோசனையா இருக்கு" என்கிறாள்.