ராஜாவின் முதுகுவலி

சேணத்தை முதுகில் வைத்ததும் ராஜா பெருமூச்சு விட்டு, நான்கு கால்களையும் மடக்கிப் படுத்துவிட்டது.

"இன்னாயா, மறுபடியும் படுத்துக்கிச்சு?" என்றாள் தசரதனின் மனைவி கிளியம்மாள்.

தசரதன் சேணத்தை இறக்கிக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் மஹாலட்சுமிக்குக் கல்யாணம். "மாப்ள அழைப்பு என் குதிர மேலதான்" என்று வாலாஜாபாத் சம்பந்தியிடம் பீற்றிக்கொண்டவர் அவரேதான். தரகர் மூலம் புதிதாகக் குதிரை வாங்கிய ஜோரில் வாய் நீண்டுவிட்டது. சம்பந்தியும் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"வாயில்லா ஜீவன். முதுகுல நோவு, பாவம்" என்று ஒரு வெல்லக்கட்டியை ஊட்டினார். ராஜா மென்றுகொண்டே எழுந்தது.

மாட்டு டாக்டர் வந்து முதுகெலும்பை அழுத்திப் பார்த்தார். ராஜா படுத்தது.

"எலும்புல ஒண்ணும் தெரியல. தசை புடிச்சிருக்கலாம். ஒத்தடம் குடுங்க."

தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். மூட்டை பட்டதும் படுத்தது. நல்லெண்ணெய் தேய்க்கக் கை வைத்தார். அதற்கும் படுத்தது. ஒவ்வொரு முறையும் மனசு கேட்காமல் வெல்லம் ஊட்டினார். இப்படி ஓர் உபசாரம் மண்ணூரில் எந்த மாப்பிள்ளைக்கும் கிடைத்ததில்லை.

"கொஞ்சங் கொஞ்சமா பாரத்த பழக்கு மாமா" என்றான் மைத்துனன் எல்லப்பன். தலையணை வைத்தார்கள். பிறகு துண்டு. சேணத்துக்குப் படுத்த குதிரை இப்போது துண்டுக்கே படுத்தது.

"அதிரசத்துக்கு வெச்ச வெல்லம்யா அது!" என்றாள் கிளியம்மாள்.

"வலில துடிக்குது. நீ வெல்லத்துக்கு அழுவுறியே!"

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு, படுத்திருக்கும்போதே சேணத்தைக் கட்டி ராஜாவை எழுப்பினார்கள். பேண்டு முழங்கியது. மாப்பிள்ளை குமாரவேல் ஏறி உட்கார்ந்தான். ராஜா அவனோடு சேர்ந்து கீழே படுத்தது.

"சீக்காளி குதிரைல ஏத்தி என் புள்ளய தள்ளிட்டியே! அபசகுனம்! வண்டிய திருப்புங்கடா!" என்று சம்பந்தி கத்தினார்.

தசரதன் அழுதேவிட்டார். அழுதுகொண்டே மடியிலிருந்து வெல்லத்தை எடுத்தார்.

கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த தாவீது ஓடிவந்து அதைப் பிடுங்கினார்.

"கட்!" என்றார்.

ராஜா துள்ளி எழுந்தது. தாவீது வெல்லத்தை அதன் மூக்குக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொள்ள, குமாரவேல் பயந்தபடியே மறுபடி ஏறினான். குதிரை அசையாமல் நின்றது.

"இன்னா வைத்தியம்பா இது?" என்றார் சம்பந்தி.

"வைத்தியமா? முன்னாடி சினிமாக் கம்பெனில நான் பழக்குன குதிரதாங்க இது" என்ற தாவீது, தசரதன் பக்கம் திரும்பினார். "முதுகுல எது பட்டாலும் செத்த மாதிரி படுக்கணும், படுத்தா வெல்லம்... அந்த ரகசியத்த உங்களுக்கு யார்ணே சொன்னது?"