ஜாதகத்தில் விழுந்த கிரகணம்

மானாம்பதி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மைத்துனன் வரதனுக்கு, உன் அக்கா புருஷன் தாமோதரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா தேவகியும் மூன்று மாடுகளும் நலம். உன் நலத்தை விசாரிக்க எனக்கு மனசில்லை. உன் அக்கா விசாரிக்கச் சொன்னதால் விசாரித்ததாக வைத்துக்கொள். செல்போனில் திட்டினால் பாதியில் கட் பண்ணிவிடுவாய். வீட்டு போனில் திட்டலாமென்றால் ரிசீவர் நீ இங்கே விட்டுப்போன பெட்டியின் ரப்பர் குழியில் இறுகிப்போய் வரமாட்டேன் என்கிறது. ஆகவே கடிதம்.

என் பெண் ஜெயப்பிரியாவின் ஜாதகத்தைக் கரையான் தின்றது உன் குற்றமில்லை. பழையசீவரம் ராணியம்மாள் தன் மகன் மோகன்குமாருக்குப் பெண் கேட்டு, “வெள்ளிக்கெழம வர்றோம், ஜாதகத்த எடுத்து வையுங்க” என்று சொல்லி அனுப்பியதும் உன் குற்றமில்லை. பையன் பஸ் கண்டக்டர், தங்கமான பையன், ஜெயப்பிரியா காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போவதே அவன் பஸ்ஸில்தான். உத்திரமேரூர் ஜோசியரிடம் போயிருந்தால் அரை மணியில் எழுதிக் கொடுத்திருப்பார். உன் அக்காதான், “என் தம்பி கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுப்பான், அவன் இன்னாத்துக்கு கீறான்?” என்றாள். மறுநாளே நீ அம்பத்தூரிலிருந்து அந்தப் பெட்டியோடு வந்து இறங்கினாய். நாற்பது வருஷத்துக்கு முந்தின சாமான். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள், தலையில் இரண்டு ரப்பர் குழி. உன் வீட்டில் பீரோ சைசில் நிற்கிறதே பழைய கம்ப்யூட்டர், அதற்கு இங்கிருந்து போன் போடவேண்டுமாம், அது விசிலடித்ததும் ரிசீவரைக் குழியில் கவிழ்க்கவேண்டுமாம், டைப் அடித்தால் பதில் போன் வழியாகவே வந்து ரோல் பேப்பரில் அச்சாகுமாம். அங்கேயே அச்சடித்துக் கையோடு கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டேன். “அதுல இன்னா கிக்கு கீது மாமா? மானாம்பதியில வயர் போன் உசுரோட கீறதே உங்க வூட்லதான்” என்று சொல்லி, கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாய்.

முதலில் என் ரிசீவர் தட்டையாக இருந்தது, குழியில் உட்காரவில்லை. மாகறலில் என் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து உருண்டைத் தலை வைத்த ரிசீவரைப் பிடுங்கி வந்தேன். போன் போட்டேன், எடுத்தது, “அல்லோ, மானாம்பதி தாமோதரன் பேசறேங்க, நல்லா கீறீங்களா?” என்றேன். விசிலடித்தது. மரியாதைக்கு இன்னும் ஒருதரம் சொன்னேன், வைத்துவிட்டது. மூன்று தடவை இப்படி. “நைனா, அது மிசினு, அதாண்ட போய் இன்னா கொசலம் விசாரிக்கிற!” என்று உன் மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். நாலாம் தடவை பேசாமல் கவிழ்த்தேன், தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறேன், அதுவும் வேலைக்காகவில்லை. ஐந்தாம் தடவை ஜெயப்பிரியா பிறந்த தேதியையும் நேரத்தையும் அடித்தாள், ஜாதகம் வர ஆரம்பித்தது, உன் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அதே நேரத்தில் குக்கர் விசிலடித்தது. லக்கினத்துக்குப் பக்கத்தில் மூணு இங்கிலீஷ் கியூ எழுத்தும் ஒரு ஆச்சரியக்குறியும் விழுந்தது. வீட்டில் எழும் சத்தமெல்லாம் குழிக்குள் புகுந்து எழுத்தாகிவிடும் என்று நீ சொன்னாயா? அடுப்பை அணைத்து, ஃபேனை நிறுத்தி, நாயைத் துரத்தி மறுபடி ஆரம்பித்தால், தெருவில் மைக் வைத்து, “பழைய இரும்பு, ஈயம், பித்தாளை” என்று ஒருத்தன் வருகிறான். நான் “உஷ்!” என்று அதட்டியது கூட அச்சானது. ஒரு பகல் முழுக்க நாங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டிலேயே ஊமைகளாக நடந்தோம். அப்புறம்தான் ஒரு சுத்தமான ஜாதகம் கிடைத்தது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்தாலும் பன்னிரண்டு கட்டமும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை ராணியம்மாள் வந்தாங்க. உன் அக்கா நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஜாதகத்தைச் சாமி முன்னால் வைத்தாள். ரோல் பேப்பர் இல்லையா, அது சுருண்டுக்கினே இருந்தது. என்ன பண்ணினாள் தெரியுமா உன் அருமை அக்கா? ஆரத்தி காட்டி முடித்து, எரிகிற கற்பூரத்தட்டை அது மேலேயே பாரமாக வைத்துவிட்டாள்! தட்டை எடுத்தால் கட்டங்களுக்கு நடுவில் வட்டமாகக் கன்னங்கரேலென்று இருக்குது. அவள் பதறிப்போய் நகத்தால் சுரண்டினாள், சுரண்டின இடத்திலும் கறுப்புக் கோடு விழுந்தது. ராணியம்மாள் எழுந்து நின்னுட்டாங்க. “இன்னாமா இது! பொண்ணு ஜாதகத்துல கிரகணமே புடிச்சிகினு கீது!” அவ்வளவுதான். போட்டு வைத்த காபியைத் தொடாமல் போயிட்டாங்க. அன்றைக்குச் சாயங்காலம் நீ செல்லில் கூப்பிட்டு, “அதுல மை கெடையாது மாமா, சூட்டுல அச்சாவற பேப்பரு, சூடு பட்டா கறுத்துடும், சொல்ல மறந்துட்டேன்” என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கீது. ராணியம்மாளுக்கு போன் போட்டு நானும் அதையே சொன்னேன். “நீங்க மறச்ச தோஷத்த கம்ப்யூட்டரு காட்டிக் குட்த்துச்சு” என்று வைத்துவிட்டார்கள். முந்தாநாளிலிருந்து என் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பது அவள் அழுத பிறகுதான் இந்த மடையனுக்குப் புரிந்தது. எனக்கு நெஞ்செல்லாம் எரியுது வரதா.

ஆகவே புதன்கிழமைக்குள் வந்து உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. இல்லாவிட்டால் மைக் வைத்துக்கொண்டு வருகிறானே, அவனிடம் தூக்கிக் கொடுத்துவிடுவேன். இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே. நாளைக்கு என் பெண்ணுக்கு எந்த இடத்தில் கல்யாணம் ஆனாலும் தாய்மாமன் முறைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். உன் பெண்சாதி மலர்க்கொடிக்கு மட்டும் என் ஆசீர்வாதம். உன்னைக் கட்டிக்கொண்டதற்கு அவளுக்கு ஆண்டவன் பொறுமையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க விரும்பாத
தாமோதரன்

பின்குறிப்பு: மேலே இருப்பதைப் படித்திருந்தால் மறந்துவிடு. திரும்ப எழுதக் காகிதம் இல்லை. கவரை ஒட்டும்போது மோகன்குமார் அவங்க அம்மாவைக் கூட்டிக்கினு வந்து நின்றான். ஜெயப்பிரியா அந்தக் கறுத்த ஜாதகத்தைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவன் நம்பர் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. வந்தவன் பையிலிருந்து பஸ் டிக்கெட் மிசினில் போடுகிற ரோலை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, உன் அக்காவிடம் கற்பூரம் கொளுத்தச் சொல்லி, தட்டை அதன் மேல் வைத்தான். எடுத்தால் அதே கிரகணம்! “யம்மா, என் பஸ்ஸுல தெனம் ஐந்நூறு பேரு போறான். அத்தினி பேருக்குமா தோஷம்?” என்றான். ராணியம்மாள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை குடிக்காத காபிக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் குடித்தார்கள். ஐப்பசியில் கல்யாணம். ஜெயப்பிரியா இப்போது உள்ளே ஐந்தாவது தோசை சாப்பிடுகிறாள். கல்யாணத் தேதியை அந்த மிசின்தான் அடித்துத் தரவேண்டும் என்று சம்பந்தியம்மா பிடிவாதமாக இருக்கிறார்கள், ஆகவே பெட்டி இங்கேயே இருக்கட்டும். புது ரோல் இரண்டு எடுத்துக்கொண்டு மலர்க்கொடியோடு புதன்கிழமையே வந்துவிடு. தாய்மாமன் நீ இல்லாமல் எனக்குக் கை ஓடாது. கற்பூரத்தட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டிருக்கிறேன்.