கிட்டங்கியில் நனைந்த குவைத்துப் பெட்டிகள்

காத்தான்குடி,
தை மாதம், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

கண்ணியத்துக்கும் அன்புக்கும் உரிய என் மனைவி ஸகியாவுக்கு, உன் கணவன் முனாப் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. வல்ல நாயன் கிருபையால் நானும் மகளும் சேவலும் தையல் மெசினும் சுகம். குவைத்தில் நீயும், உன் மேடமும், அவவின் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். மேடத்துக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துத்தான் செய்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையொப்பம் வைக்கவா, டிக்கட் கேட்கவா, மாசி முடிய முன்னம் பதில் போடுங்க என்று எழுதியிருந்தாய். பதில் கடைசியில் வரும். அதற்கு முன் சாமான்களைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். இருந்துகொண்டு வாசி. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாசி. தண்ணீர் என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

நீ அனுப்பிய பெட்டிகளை வீட்டில் வைத்தால் சொந்தக்காரர் இரவல் கேட்டே முடித்துவிடுவார்கள், மகளின் சீதனத்துக்கு ஒரு கரண்டியும் மிஞ்சாது, நான் வந்துதான் பிரிப்பேன் என்று நீ சொன்னபடி, ஐந்து வருடமாக வந்த பெட்டிகள் எல்லாவற்றையும் ஆதம்பாவா காக்காவின் அரிசிக் கிட்டங்கியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துப் பூட்டி வைத்திருந்தேன். ஒரு கயிற்றைக்கூட நான் அவிழ்த்ததில்லை. இந்த மாரியில் மழை விடாமல் பிடித்து வாவி முட்டி நின்றது. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். வயல்காரர் வெட்டு என்றார்கள், மீன்காரர் இறால் எல்லாம் போயிடும், வெட்டாதே என்றார்கள், ஒருமாதிரி இரண்டு பகுதியும் ஒத்துவர, அங்கே போக ஆமிக்காரன் அனுமதி தர வேணும் என்றார்கள். இவங்க பேசி முடியிறதுக்குள்ள தண்ணி ஒருத்தரிட்டயும் அனுமதி கேக்காம கிட்டங்கிக்குள்ள வந்திட்டு. நான் நெஞ்சளவுத் தண்ணியில போய்க் கதவைத் திறந்தன், உள்ளுக்கிருந்து நுரை வந்திச்சு புள்ள! நீ அனுப்பின சவுக்காரத்தூள் முழுக்க அடி வரிசையில இருந்திரிக்கி. ஒழுங்கை நிறைய நுரை, அதுக்க ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிதுகள். மறுகா ஆதம்பாவா காக்கா ஓடி வந்தார்.

"முனாப், உன்ட சவுக்காரம் என்ட அரிசிக்க வந்திட்டு. சோறு நுரைக்கிது!" என்றார்.

"காக்கா, உங்கட கிட்டங்கித் தண்ணி என்ட சவுக்காரத்துக்க வந்த பிறகுதானே அது அரிசிக்க வந்த?" என்றேன். இப்போது அவர் என் ஸலாத்துக்கு மட்டும் பதில் சொல்கிறார்.

இன்சூரன்ஸ் செய்யவில்லையா என்று நீ கேட்பாய். போன வருடமே கல்லடியிலிருந்து நல்லரத்தினம் என்று ஒரு இன்சூரன்ஸ் தம்பி பையோடு வந்தார். வெள்ளம் கடவுளின் செயலாம், அதற்குத் தரமாட்டார்களாம். சண்டைக்கும் குண்டுக்கும் களவுக்கும் இல்லையாம். "அப்ப எதுக்குத்தான் தம்பி தருவீங்க?" என்று கேட்டேன். "தற்செயலா நெருப்புப் பிடிச்சா" என்றார். "நம்மட பக்கத்தில எதுதான் தம்பி தற்செயலா நடந்திரிக்கி?" என்றேன். மனிசன் சிரித்துக்கொண்டு பையை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். இந்தமுறை வந்து நுரையைப் பார்த்துவிட்டு, "நல்ல காலம் காக்கா, நீங்க சேரல்ல. சேர்ந்திருந்தா கட்டின காசும் போயிருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். நல்ல பிள்ளை.

வெயில் வந்ததும் எல்லாவற்றையும் வேலியிலும் மதிலிலும் காயப் போட்டேன். ஐந்து வருடம் ஒருவருக்கும் காட்டாமல் வைத்ததை ஒரே வெயிலில் ஊரே பார்த்தது. உன் பெரிய மச்சி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "ஸகியா இவ்வளவு அனுப்பினாளா, நீங்க ஒரு கோப்பையும் காட்டல்லியே" என்று அழுதா. வெள்ளத்துக்கல்ல, அதுக்குத்தான் அழுதா. அதுக்குள்ளே அந்தப் பெரிய கம்பளியையும் விரித்துவிட்டேன். அதில் முழு உயரத்துக்கு ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதென்று நான் கண்டேனா? நம்மட ஊரில அதின்ட பேரைச் செல்லவே ஆக்கள் படலையைச் சாத்துவாங்க, நான் அதை ரோட்டு வேலியில காயப் போட்டிரிக்கன்! ரோந்து வந்த ஆமிக்காரர் துவக்கோடு நின்றுவிட்டார்கள்.

"இது என்னா?"

"குவைத்துப் புலி, சேர்."

"குவைத்தில புலி இருக்கா?"

"இல்ல சேர். கம்பளியில மட்டும்தான்."

அதிலொருவன் கம்பளியைத் தொட்டுத் தடவிப் பார்த்தான். யார் அனுப்பியது என்று கேட்டான். மனைவி என்றேன். "என்ட அக்காவும் குவைத். ஏழு வருசம்" என்றான். புலியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "திருப்பிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பழுதில்லாமல் மிஞ்சியது பீங்கான்தான். ஒரு கோப்பையும் உடையவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியிலும் உன் பழைய சட்டைகளைச் சுற்றி அடைத்திருக்கிறாய். எல்லாம் போகும்போது நான் தைத்துத் தந்தவை. அலசி வெட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உள்ளுக்குப் பிடித்துக் கையால் இழை ஓட்டியிருக்கிறாய். இதென்ன தையல் புள்ள? தையல்காரன்ட பொஞ்சாதி தைக்கிற தையலா இது? முதல் வருசப் பெட்டியில வந்த சட்டையில ஒரு விரல் அகலம் பிடிச்சிரிக்காய். கடைசியா வந்ததில நாலு விரல். ரெண்டு பக்கமும். தினமும் கோழியிறைச்சி எண்டெல்லோ எழுதினாய்.

சரி, அது கிடக்கட்டும். யோசித்துப் பார்த்தால் அறை வெறுமையாகிவிட்டது, மகளுக்குப் பதினாறு நடக்கிறது, வீட்டுக்கு இன்னும் ஓடு போடவில்லை. ஆகையால் நீ கையொப்பம் வைப்பதே புத்தி. இரண்டு வருடம் கண்ணை மூடித் திறக்க ஓடிவிடும். இனிச் சவுக்காரத்தூள் வேண்டாம். கம்பளி அனுப்பினால் பூப்போட்டதாகப் பார்த்து அனுப்பு.

மகள் ஸலாம் சொல்கிறாள். பெரிய மச்சி ஸலாமும் ஒரு சோறாக்கிற மெசினும் சொல்கிறா. அல்லாஹ் உன்னை நோய் நொடியில்லாமல் அவன் காவலில் வைத்திருப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உன் கணவன்,
முனாப்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனவன் திரும்பி வந்து எழுதுறன். மேல எழுதினதெல்லாத்தையும் விடு. கையொப்பம் வைக்காத. உம்மா இன்னும் கம்பளி அனுப்பவா எண்டு மகளிட்டக் கேட்டன், "கம்பளி எனக்கு எதுக்கு வாப்பா, வேர்க்கும்" எண்டு செல்றாள். நேத்து உனக்கொரு சட்டை வெட்டுவமெண்டு துணியை விரிச்சன் ஸகியா. உன்ட அளவை நான் ஒருநாளும் எழுதி வைச்சவனில்ல, கைக்குத் தெரியும். இப்பவும் சாக்கட்டியோட நிக்கிறன், எங்க கோடு போடுறதெண்டு தெரியல்ல. துணி மேசையிலதான் கிடக்கு. வந்து நில்லு புள்ள, அளவெடுக்கோணும்.