திரும்பிப் பார்க்காத சனிக்கிழமை

வேலைவெட்டி இல்லாத ஆம்பளைக்கு ஜாதகத்தை விட நல்ல வக்கீல் கிடையாது. ஃபீஸ் கம்மி, வாதம் பலம். பழியைச் சுமக்கிறவர் சனி பகவான். அவர் என்ன இறங்கி வந்து மறுக்கவா போகிறார்? சும்மா சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தொன்பது வரைக்கும் அந்த வக்கீலை வைத்துத்தான் நான் காலம் தள்ளினேன்.

எனக்கு மீன ராசி. டிகிரி முடித்த கையோடு ஏழரைச் சனி பிடித்துக்கொண்டது. குரூப் ஃபோர் பரீட்சையில் தேறவில்லை, சனி. (முந்தின நாள் செகண்ட் ஷோ போனதை யாரும் கேட்கவில்லை.) உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் கடை வைத்தேன், படுத்துவிட்டது, சனி. (பதினோரு மணிக்கு முன்னால் ஐயா கடையைத் திறந்ததே இல்லை.) கோழி வளர்த்தேன், அத்தனையும் சீக்கு வந்து செத்தன. அந்தக் கோழிகளுக்கும் மீன ராசியா என்று கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை. அம்மா மட்டும், "பாவம், புள்ளைக்கு நேரம் செரியில்ல, அவன் இன்னா பண்ணுவான்?" என்று சொல்லி இன்னொரு தோசையைத் தட்டில் போடுவாள். நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தின்பேன்.

இந்த லட்சணத்தில்தான் சாலவாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் செல்வி, நர்சரி பள்ளியில் டீச்சர். காபி கொடுக்கும்போது தலையைக் குனியாமல் என்னை நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான், நான் காலி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தோசை இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய அப்பா அங்கே ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரி. மனுஷர் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பையன் நல்லாத்தான் கீறான். ஆனா வேலன்னு ஒண்ணு வேணுமில்ல? எங்க மில்லுல எட போடற ஆளு வேணும்னாங்க. மொதலாளிகிட்ட பேசறேன். வேல அமைஞ்சா ஐப்பசியில நிச்சயம் வெச்சுக்கலாம். அமையலன்னா தப்பா நெனச்சுக்காதீங்க."

வேறு ஒருவனாக இருந்தால் மறுநாள் காலையில் மில் வாசலில் போய் நின்றிருப்பான். நான் மானாம்பதி ஜோசியர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் கட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கடைசிக் கட்டம் தம்பி. பாதச் சனி. போறப்ப ஒரு ஒத வுட்டுட்டுத்தான் போவாரு."

பரிகாரம் கேட்டேன். புரட்டாசி சனிக்கிழமை திருமுக்கூடல் போய், நல்லெண்ணெய் தேய்த்து, மூன்று ஆறும் சேருகிற இடத்தில் முழுக்குப் போட வேண்டும். கட்டியிருக்கும் வேட்டி சட்டையை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறிப் புதுத் துணி உடுத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட வேண்டும். பிடித்தது அந்தத் துணியோடு போய்விடும்.

அவர் சொன்னது இவ்வளவுதான். வீட்டில் அம்மா அதற்கு ஓர் இணைப்பு கொடுத்தாள்: "பின்னால இருந்து யாரு கூப்ட்டாலும் திரும்பாதடா. தெரிஞ்சவங்க கொரல்லயே சனி கூப்டுவாரு. திரும்புனியோ, மறுபடியும் ஒட்டிக்குவாரு!"

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் கோயிலில் கூட்டம் சொல்லி மாளாது. ஆற்றிலோ தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. புது வேட்டி சட்டை இருந்த மஞ்சப்பையை மணலில் வைத்துவிட்டு, முழுக்குப் போட ஆழமான இடம் தேடி மேலே மேலே போனேன். ஒருவழியாக இடுப்பளவு பள்ளம் கிடைத்தது. முங்கினேன், வேட்டி சட்டையை அவிழ்த்து விட்டேன், பட்டாபட்டி டிராயரோடு கரையேறினேன். ஏறின பிறகுதான் உறைத்தது, பை எனக்குப் பின்னால் இருக்கிறது.

திரும்பினால்தானே எடுக்க முடியும்? திரும்பினால் செல்வி போச்சு. பையாவது மண்ணாவது என்று நேராக நடந்தேன். ரோட்டுக்குப் போய், தெரிந்தவர் யாரிடமாவது துண்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். (இதைத் திட்டம் என்று சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.)

பத்தடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாப்ளே! மாப்ளே, நில்லு!"

மேஸ்திரி குரல், அச்சு அசல். அம்மா சொன்னது எவ்வளவு சரி! வேகமாக நடந்தேன்.

"மாப்ளே! பைய வுட்டுட்டுப் போறியே!"

பார்த்தீர்களா, பையை விட்டுவிட்டது கூடத் தெரிந்திருக்கிறது! மனுஷனாக இருந்தால் எப்படித் தெரியும்? (நான் பையை வைத்ததைக் கண்ணால் பார்த்த மனுஷனுக்குத் தெரியும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.) ஓட ஆரம்பித்தேன்.

"யோவ், மொதலாளி கோயிலாண்ட நிக்கிறாருய்யா! இப்பவே வந்தா பேசி முடிச்சுரலாம்!"

வேலை ஆசை காட்டுகிறாரே! ஏழு வருஷக் கோபமும் ஒன்றாகக் கிளம்பியது எனக்கு. ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினேன்.

"தெரியும்டா உன்ன! எம் பொயப்பக் கெடுத்ததே நீதான்! இனிமே எம் பின்னால வராத, தொலஞ்சு போடா சனியனே!"

ஆற்றங்கரையில் கோவிந்தா போட்டு அரிசிப் பிச்சை வாங்க நின்ற கூட்டம், மொட்டை போட வந்தவர்கள், போடுகிறவர்கள், எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பட்டாபட்டியோடு ஒருத்தன் ஓடுகிறான். மஞ்சப்பையோடு ஒரு பெரியவர் அவனைத் துரத்திக்கொண்டு வந்து, வசவு வாங்கி, அப்படியே நின்றுவிட்டார்.

நான் நிற்கவில்லை. கோயில் மதிலைச் சுற்றி ரோட்டுப் பக்கம் திரும்பினால், எதிரே செல்வி. அப்பாவோடு கோயிலுக்கு வந்தவள், குறுக்கு வழியாக ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது, கண்ணில் நெருப்பு.

"இன்னா ஆச்சு ஒனக்கு? எங்கப்பாவப் பாத்தா சனியன்னு சொன்ன?"

"ஒங்கப்பாவா? நெஜமாவே அவரா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஜோசியர், பாதச் சனி, அம்மாவின் இணைப்பு, எல்லாம். டிராயரைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லுகிற கதையா அது? அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஏழு வருசமா சனி ஒன்னப் புடிக்கல. நீதான் அவர வுடாம புடிச்சுக்கினு கீற" என்றாள். "காலைல எழுந்து ஒரு வேலைக்குப் போயிருந்தா அவரு பாட்டுக்கு அவரு போயிருப்பாரு."

அதற்குள் மேஸ்திரி வந்தார். பையை என் கையில் கொடுத்தார். "கட்டிக்க. சம்பந்தம் வேணாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. முதலாளியும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். "எட போட நிக்கிற ஆளு வேணும்யா, ஓடற ஆளு வேணாம்" என்றாராம்.

புது வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். உண்மையாகவே அழுதேன். அன்றைக்குச் சனி மேல் போட எதுவும் இல்லை. குரல் கொடுத்தது மனுஷன், ஓடியது நான்.

திங்கட்கிழமை விடிந்ததும் மில்லுக்குப் போனேன். எடை வேலை கேட்கவில்லை, எந்த வேலையானாலும் சரி என்றேன். களத்தில் நெல் காய வைக்கச் சொன்னார்கள். வெயிலில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கிடந்தேன். மேஸ்திரி என் பக்கமே பார்க்க மாட்டார். ஐப்பசி போனது. கார்த்திகை மழையில் ஒரு நாள், குவித்த நெல்லை மூட நானும் அவரும் ஒரே தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தோம். "கெட்டியாப் புடி" என்றார். அதுதான் முதல் வார்த்தை. தையில் அவரே முதலாளியிடம் பேசி என்னை எடைத்தராசில் நிறுத்தினார். சித்திரையில் கல்யாணம். சனி பெயர இன்னும் கொஞ்ச நாள் இருந்தது; பொருத்தம் பார்க்கலாமா என்று அம்மா ஆரம்பித்தாள், நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டாள்.

தாலி கட்டி முடித்ததும் போட்டோக்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். "ரெடி" என்று அவர் சொல்லவும், எனக்குப் பின்னால் நின்ற மாமனார் வேண்டுமென்றே, "மாப்ளே!" என்று ஒரு குரல் கொடுத்தார். நான் திரும்பிய வேகத்தில் மாலை அறுந்து செல்வி காலடியில் விழுந்தது. மண்டபமே சிரித்தது. அந்த நேரம் பார்த்துப் போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். எல்லாரும் கேமராவைப் பார்க்க, மாப்பிள்ளையின் பின்மண்டை மட்டும் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "இவர் ஏன் அந்தப் பக்கம் பாக்கறாரு?" என்று கேட்காமல் போவதில்லை. செல்வி தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே சொல்லுவாள்:

"எங்கப்பா கூப்ட்டாரு. அன்னைக்குத்தான் திரும்பனாரு."