ஒட்டாத பேண்டேஜும் பாதிக்கு மேல் பங்கும்

"அப்பா, எனக்குப் பங்கு வேணும்."

பாண்டிதுரையின் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் நகை கேட்கலாம், சீர் கேட்கலாம், கோபித்துக்கொண்டு பட்டினிகூடக் கிடக்கலாம். பங்கு என்ற சொல் மட்டும் நாக்கில் வரக் கூடாது. மாரீஸ்வரியைச் சின்ன வயதிலிருந்தே அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

"யாருட்டி அவன்?"

"எவன்?"

"பங்கு கேக்கச் சொல்லிக் குடுத்தவன்."

"கவர்மெண்டு."

பாண்டிதுரைக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி. குடும்பத்தின் முதல் பட்டதாரியான மாரீஸ்வரி, கல்லூரி ஆய்வகத்திலேயே புண்ணில் ஒட்டாத பேண்டேஜ் ஒன்றைச் செய்து பார்த்திருந்தாள். அதைத் தறியில் ஓட்டிச் சோதிக்க, புத்தாக்க நிதி என்று ஒரு மானியத்தை அரசு அறிவித்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். கம்பெனியில் பாதிக்கு மேல் ஒரு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

"நிலத்துல கேக்கலப்பா. கம்பெனியிலதான்" என்று சமாதானம் சொன்னாள்.

"கம்பெனியிலயா? சோழபுரத்துக் காட்டக் கேட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமே! எம்புட்டு?"

"பாதிக்கு மேல."

பாண்டிதுரைக்குப் புரை ஏறியது. பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லத்தாய், தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

செத்த நேரத்தில் சித்தப்பா சங்கிலிப்பாண்டி பைக்கில் வந்து இறங்கினார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்காளாம்ல?"

"விடல சித்தப்பா. இது விண்ணப்பம். நீங்களே பாருங்க" என்று செல்போனை நீட்டினாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

சங்கிலிப்பாண்டி எழுத்துக் கூட்டி வாசித்தார். "முன்மாதிரியின் புகைப்படம் இணைக்கவும்." அவர் முகம் மலர்ந்தது. பர்ஸைத் திறந்து, யூனிபார்மில் தாம் விறைத்து நிற்கும் படத்தை எடுத்து நீட்டினார். "இந்தா. நம்ம குடும்பத்துல முன்மாதிரின்னா வேற ஆரு இருக்கா?"

"அது மனுசன் இல்ல சித்தப்பா. மாதிரிக்குச் செஞ்சு பாத்த துணி."

"அப்ப நான் துணிக்குக்கூடப் பெறமாட்டேனா?"

அதோடு அவர் எதிர்க்கட்சியாகிவிட்டார். "ஒட்டாத பேண்டேஜ எவன் வாங்குவான்? ஒட்டணும்னுதான வாங்குதான்?"

"பிரிக்கும்போது தோலோட வராது. உங்ககிட்ட லத்தியடி பட்டவனக் கேளுங்க, சொல்லுவான்."

"பாத்தீங்களாண்ணே, வாய! இது ஆவாது. இன்னைக்கே கம்பெனிய உங்க மவன் பேருக்கு மாத்திருங்க. பட்டாளத்துல இருக்கான், பத்திரமா இருக்கும்."

பாண்டிதுரை உடனே ஆடிட்டர் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அமுக்கியது சங்கிலிப்பாண்டி.

"மாத்திரலாம் அண்ணாச்சி. முதலாளி கையெழுத்து ஒண்ணு வேணும், அம்புட்டுத்தான்."

"அது... வாங்கிக் குடுத்துருதேன்" என்று பாண்டிதுரை போனை அவசரமாக வைத்தார்.

"கேட்டுக்கிட்டியா ஏட்டி? முதலாளி கையெழுத்து! முதலாளி வச்சதுதான் சட்டம். மத்தவுக வாயத் தொறக்கப்பிடாது" என்றார் சங்கிலிப்பாண்டி.

மாரீஸ்வரி எழுந்தாள். கண்ணீர் வரவில்லை, காது மடல்தான் சுட்டது.

"உங்க கம்பெனிய நீங்களே கட்டி அழுங்க. சுந்தரபாண்டியத்துல என்கூடப் படிச்ச வெங்கடேஸ்வரி வீட்டுத் தறி சும்மாதான் கெடக்கு. அவளும் நானும் எங்க பேருலயே கம்பெனி தொடங்குதோம். இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் மானியம் வாங்குவேன். உங்ககிட்ட இனி கேக்க மாட்டேன்."

பையைத் தோளில் மாட்டி வாசலைத் தாண்டினாள். பின்னாலேயே இன்னொரு ஜோடிச் செருப்பின் சத்தம் கேட்டது. சேலை முந்தானையில் கையைத் துடைத்தபடி செல்லத்தாய் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஏ, நீ எங்க போற?" பாண்டிதுரை வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஆடிட்டரு முதலாளி கையெழுத்துக் கேட்டாருல்லா? போட்டுட்டு வாரேன்."

"முதலாளி கையெழுத்த மதினி போடப் போறாகளாம்ணே!" சங்கிலிப்பாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். பாண்டிதுரை சிரிக்கவில்லை.

செல்லத்தாய் திரும்பிப் பார்க்காமல் மகளின் கையைப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.

"பாதிக்குப் போயி ஏன்ட்டி இம்புட்டுச் சண்ட? பொம்பள பேருல இருந்தா மானியம் உண்டுன்னு, உங்கப்பா அன்னைக்கே முழுக் கம்பெனியையும் என் பேருலல்லா எழுதி வச்சாக!"