இட்லிக் குண்டானில் ஏரோப்ளேன் என்ஜின்

கூச்ச சுபாவக்காரன் பொய் சொல்ல மாட்டான். ஆனால் தன்னைப் பற்றி அடுத்தவர் சொல்லும் பொய்யை மறுக்கவும் மாட்டான். என் மகளுக்கு வரன் கொண்டுவந்த தரகர், விழுப்புரத்து மாப்பிள்ளை வீட்டில் என்னை "திண்டிவனத்துல பெரிய மெக்கானிக்கு" என்று சொல்லிவிட்டார். நான் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். (பெரிய என்று அவர் சொன்னது என் தொப்பையை இருக்கலாம்.)

உடனே மாப்பிள்ளையின் அப்பா உள்ளே போய் ஒரு பழைய டப்பாவோடு வந்தார். அதில் எலுமிச்சம்பழம் அளவில் ஓர் என்ஜின். காலேஜ் நாளில் பொம்மை ஏரோப்ளேன் செய்து பறக்கவிட்டாராம். பரணில் கிடந்து கிடந்து இப்போது சுற்ற மாட்டேன் என்கிறதாம்.

"ஸ்பிரிட்டுல விளக்கெண்ணெய் கலந்து ஊத்துவோம் சம்பந்தி. அந்த எண்ணெய்தான் பிசினாட்டம் புடிச்சிக்கினு இருக்குது. முறுக்கிடாதீங்க, உள்ள இருக்கிற ராடு தீக்குச்சி மாதிரி. இது சுத்தட்டும், தேதி வெச்சிடலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். (விளையாட்டுக்குச் சொன்னீங்களா என்று கேட்க ஒரு வாய் வேண்டுமே!)

வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய் எண்ணெய் விட்டேன். வெயிலில் வைத்தேன். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த தண்டை விரலால் திருகினேன். அசையவில்லை. கட்டிங் பிளேயரை எடுப்பேன், தீக்குச்சி ஞாபகம் வரும், வைத்துவிடுவேன். மகள் போனில் மாப்பிள்ளையோடு சிரித்துச் சிரித்துப் பேசும்போதெல்லாம் நான் டப்பாவைத் திறந்து இன்னொரு முறை திருகிப் பார்ப்பேன். அவள் கல்யாணமே என் கையில் இறுகிக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தேதி குறிப்பது பற்றிப் பேச மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. என் மனைவி செல்வி அடுப்பில் இட்லிக் குண்டானை வைத்துவிட்டுப் பின்பக்கம் வாழை இலை அறுக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் நின்று கடைசியாக ஒருமுறை திருகிப் பார்த்தேன். வாசலில் ஆட்டோ சத்தம்.

"இன்னா சம்பந்தி, சௌக்கியமா?"

குரல் நடையிலேயே கேட்டது. என் கையில் இன்னும் சுற்றாத என்ஜின். ஒளிக்க வேறு இடம் தோன்றவில்லை. கொதிக்கிற குண்டானுக்குள் போட்டு மூடிவிட்டேன். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அவர்களை உட்காரவைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், செல்வி அந்த ஆவிக்குள்ளேயே இட்லித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

"செல்வி… அந்தக் குண்டான்…"

"சும்மா இருங்க, ஜல்தியா எலையப் போடுங்க. வந்தவங்க பசியோட இருக்காங்க."

போட்டேன். இட்லி வந்தது. சட்னி வந்தது. கூடவே லேசாக ஒரு விளக்கெண்ணெய் வாடையும் வந்தது. சம்பந்தி ஒரு விள்ளலைப் பிட்டார். சம்பந்தியம்மா சட்னியில் தொட்டுவிட்டார். கை வாயை நோக்கிப் போகிறது. இத்தனை நாள் திறக்காத என் வாய் மொத்தமாகத் திறந்துவிட்டது.

"சாப்பிடாதீங்க!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சம்பந்தியம்மா விள்ளலை இலையில் வைத்தார்.

"இன்னாங்க இது? சம்மந்தம் பேச வந்தவங்களப் பாத்து, எலையில கை வெச்சப்புறம் சாப்பிடாதன்றாரு?"

"அப்பா!" என்றாள் மகள். அவ்வளவுதான், அழுதுவிட்டாள்.

உள்ளே ஓடி, தட்டுகளைத் தூக்கிவிட்டு, இடுக்கியால் அடியில் துழாவி எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன். என்ஜினிலிருந்து ஆவி பறந்தது. பழுப்பாக ஏதோ சொட்டியது.

சம்பந்தி அதையே பார்த்தார். துண்டில் வாங்கினார். மெதுவாகத் தண்டைத் திருப்பினார். 'ப்பக்' என்று ஒரு சத்தம். இன்னொரு சுற்று. இன்னொரு 'ப்பக்'.

"ஏ, சுத்துதுடி!" என்று மனைவியிடம் கத்தினார். "பிசினு மொத்தமும் இளகிப்போச்சு! இன்னா பண்ணீங்க சம்பந்தி?"

"வேக வெச்சேன்" என்றேன்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். "சொல்லிட்டுக் கத்தக் கூடாதா? பேஜாராப் போச்சு!"

இட்லி குப்பைக்குப் போனது. ஓட்டல் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே தேதி குறித்தார்கள்.

கல்யாணம் முடிந்து பேரனும் வந்துவிட்டான். இன்றைக்கும் விழுப்புரத்துக்காரர்கள் எங்கள் வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் ஒருவரும் இலையில் கை வைப்பதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார்கள். நான் "சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் செல்லாது.

"காதுல வுழல சம்பந்தி" என்பார் அவர். "அன்னிக்குக் கத்துனீங்களே, அந்த மாதிரி கத்துங்க!"